இரண்டும் இல்லாவிட்டால்

செய்தி வந்தபோது மிசாவோ மதியச் சாப்பாட்டில் சிப்பி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்த பிறகு மிச்சத்தையும் குடித்தாள். கிண்ணத்தின் அடியில் கிடந்த பொடிச் சிப்பிகளைக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, சதையை எடுத்துத் தின்று, ஓடுகளை மூடியில் அடுக்கி வைத்தாள். ஷின்ஜி ஏரிச் சிப்பியில் சதை என்று பெரிதாக எதுவும் இருக்காது. பொறுமை உள்ளவர்கள்தான் தின்பார்கள். அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இருந்தது. பிற்பாடு தன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அதுதான் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

அழைத்தவர் ஏரிக்கு மேற்கே இருக்கும் சிறிய நகராட்சி ஒன்றின் முதியோர் நலப் பிரிவைச் சேர்ந்த அதாச்சி. மென்று விழுங்கித்தான் சொன்னார்.

"இதொஹாரா-சான், நம்ம எட்டு மணி லிஸ்ட்ல ஒருத்தர் தவறிட்டார். நோட்சு தொகுசோன்னு, எண்பத்தோரு வயசு. செவ்வாய்க்கிழமை காலையில வீட்டு நடையில விழுந்திருக்கார். இன்னைக்கு வெள்ளி. பேப்பர் போடுறவர்தான் பார்த்திருக்கார். மூணு நாள் பேப்பர் எடுக்காம கிடந்துச்சாம்."

"மூணு நாளும் நம்ம அழைப்பு போச்சா?"

"போயிருக்கு. தாள்ல ஒண்ணும் வரல. காலியா இருந்துச்சு. காலியா இருந்தா நாங்க என்ன நினைப்போம், சொல்லுங்க?"

மிசாவோவுக்குத் தெரியும். காலியாக இருந்தால் அவர்கள் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

தனியாக வாழும் முதியவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு தினமும் காலை எட்டு மணிக்கு ஓர் இயந்திரம் தொலைபேசி போடும். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள், உடம்பு சரியில்லை என்றால் இரண்டை அழுத்துங்கள் என்று கேட்கும். எட்டு ஐந்துக்கு நலப் பிரிவின் அச்சு இயந்திரத்திலிருந்து தாள் வரும். இரண்டை அழுத்தியவர்கள் வீட்டுக்கு ஆள் போகும். இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்கான நிரலை எழுதியது மத்சுவேயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பேர் கம்பெனி. அந்த ஐவரில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருவர். எட்டு மணி அழைப்பை எழுதியவள் இதொஹாரா மிசாவோ, வயது முப்பத்தெட்டு.

எழுதியது ரூபி என்ற நிரல் மொழியில். அதை உருவாக்கியவர் வாழும் மத்சுவேயில் வேறு எதில் எழுதுவார்கள்? அந்த ஊரில் டாக்ஸிக்காரரிடம் ரூபி என்று சொன்னால்கூட நகைக்கடைக்கு வண்டியைத் திருப்ப மாட்டார்.

மிசாவோ சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து திரையைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. எந்தக் கோப்பு, எந்த இடம் என்று சூப் குடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

ரூபியில் ஒரு வசதி உண்டு. கிளை பிரித்து ஒரு கேள்வி எழுதினால், அந்தக் கிளைப்பிரிவே ஒரு பதிலைக் கையில் தந்துவிடும். திருப்பிக் கொடு என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஒன்று வந்தால் 'நலம்'. இரண்டு வந்தால் 'உடம்பு சரியில்லை'. இரண்டும் இல்லாவிட்டால் 'பதில் இல்லை'. மூன்று கிளை, மூன்று பதில். ஆரம்பத்தில் அவள் எழுதியது அப்படித்தான். அந்தக் கடைசிக் கிளையை வெட்டிவிட்டாலும் ரூபி முரண்டு பிடிக்காது. எந்தக் கிளையிலும் சேராதது வந்தால் சத்தம் போடாமல் ஒன்றுமில்லாத ஒன்றைத் தரும். அதை அச்சில் போட்டால் கட்டம் காலியாக வரும்.

வெட்டியவளும் மிசாவோதான். மாற்றப் பதிவேட்டில் இருந்தது: ஏப்ரல் பதினேழு, மாலை நான்கு பத்து. பக்கத்தில் அவள் பெயர். மாற்றத்துக்கான காரணம்: "பயன்படாத வரி நீக்கம்."

யாரும் சொல்லிச் செய்யவில்லை. வெள்ளோட்டம் விட்டபோது பன்னிரண்டு முதியவர்கள், நான்கு மாதம். ஒரு நாள்கூட ஒருவரும் அழுத்தாமல் இருந்ததில்லை. புதுப் பொம்மை கிடைத்த மாதிரி முதல் மணியிலேயே எடுத்து அழுத்தினார்கள். ஆகவே அந்தக் கடைசி வரி ஒரு முறைகூட ஓடியதில்லை. ஓடாத வரி என்றால் மிசாவோவுக்கு ஆகாது. ஆபீசில் அவளுக்கு விளக்குமாறு என்று பட்டப்பெயர். மற்றவர் எழுதிய பத்து வரியை நாலாக்கித் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கும் வெட்டிய பிறகு பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. அந்த மாலை அவள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஏப்ரலுக்குப் பிறகு வந்த தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தாள். நோட்சுவுக்கு முன்னால் பதினோரு காலிக் கட்டங்கள் இருந்தன. ஒருவர் தோட்டத்தில் இருந்திருப்பார், ஒருவர் கழிவறையில், ஒருவர் மகன் வீட்டுக்குப் போயிருப்பார். பதினோரு பேரும் நன்றாக இருந்தார்கள். நலப் பிரிவில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது அவர்கள் குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஊர்க் காகிதங்களில், பள்ளிக்கூட வருகைப் பதிவிலிருந்து பாலம் பழுது பார்க்கிற அறிக்கை வரை, சொல்ல விசேஷம் இருந்தால்தான் கட்டத்தில் எழுதுவார்கள். காலியாக விட்டால் விசேஷம் ஒன்றுமில்லை, எல்லாம் சுகம் என்று பொருள். அங்கே காலிக் கட்டத்தைப் பார்த்துப் பதறுகிறவனை வேலைக்குப் புதுசு என்பார்கள்.

மிசாவோ அந்த வரியைத் திரும்ப எழுதினாள். இரண்டும் இல்லாவிட்டால், 'பதில் இல்லை. போய்ப் பார்க்கவும்'. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பிறகு முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னாள்.

முதலாளி கட்சுபே அறுபது வயதுக்காரர், பேச்சுக்கு அஞ்சாதவர். அவர்கூடக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"பார்த்தா யாருக்கும் தெரியும். என் பேரோட தேதி போட்டு இருக்கு."

"பார்த்தா தெரியும். யாரு பார்க்கப் போறா? நகராட்சியில அதைத் தொறக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கானா?"

திங்கட்கிழமை அதாச்சி மத்சுவேக்கு வந்தார். நிகழ்ந்தது பற்றிய அறிக்கையை இரு தரப்பும் சேர்ந்து எழுதி முத்திரை வைக்க வேண்டும். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அதாச்சி கையோடு ஒரு வாக்கியம் கொண்டுவந்திருந்தார். சனியும் ஞாயிறும் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கியிருக்க வேண்டும்.

"'பதில் வராத நிலையை எப்படிக் காட்டுவது என்பது குறித்துத் தேவைப் பட்டியலில் போதிய விளக்கம் இல்லாதிருந்தது.' இப்படிப் போட்டா எப்படி?"

கட்சுபே அதை இரண்டு முறை படித்தார். "யாரு விளக்கலன்னு வரல பாருங்க. அருமை. அதாச்சி-சான், நீங்க நலப் பிரிவுல இருக்க வேண்டிய ஆளே இல்ல."

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

"கிண்டல் இல்ல. நெசமாத்தான் சொல்றேன்."

பொய் என்றும் சொல்ல முடியாது. தேவைப் பட்டியலில் ஒன்று, இரண்டு என்றுதான் இருந்தது. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவள் எழுதினாள், கேட்காமலே அவள் எடுத்தாள். நல்ல பூசி மெழுகல் என்றால் இதுதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நடந்தது மட்டும் அதில் இல்லை.

கட்சுபே அவள் பக்கம் திரும்பினார். "இதொஹாரா, நீயா போய் எடுத்தேன்னு இதுல எழுதினா, இந்த வேலை நம்ம கையை விட்டுப் போகும். இது போனா இந்த ஆபீஸ் போகும். அஞ்சு குடும்பம். எழுதலன்னா செத்தவர் எழுந்து வரப் போறதில்ல. நான் உன்னை மிரட்டல. நெலமையச் சொல்றேன்."

"புரியுது."

"முத்திரை வைக்கிறியா?"

அவள் பையிலிருந்து முத்திரையை எடுத்தாள், சிவப்பு மையில் ஒற்றினாள், தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். வட்டம் உடையாமல் சுத்தமாக விழுந்தது. அதாச்சி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மிசாவோவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாததுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. தனக்கு உள்ளே ஏதோ செத்துவிட்டதோ, இல்லை, எப்போதுமே இருந்ததில்லையோ என்று யோசித்துக்கொண்டே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். சோறு வடித்தாள். தின்றாள். நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

வியாழக்கிழமை, அறிக்கையை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். கறுப்பு உடுப்பு, கறுப்புக் காலணி, ஒரு பெட்டி இனிப்பு. பெட்டியைக் கட்சுபேயே போய் வாங்கி வந்தார். செம்பயறு அரைத்துக் கட்டியாக்கிய யோகான்.

"மன்னிப்புக் கேக்கப் போறப்ப யோகான்தான் வாங்கணும்," என்றார் காரில். "பொட்டி கனமா இருக்கணும். லேசா இருந்தா, வருத்தமும் லேசுன்னு நினைச்சுக்குவாங்க. முப்பது வருஷத்துல நான் எத்தனை பொட்டி தூக்கியிருக்கேன் தெரியுமா? குனிஞ்சு முடிச்ச பிறகுதான் கொடுக்கணும். முதல்லயே நீட்டினா லஞ்சம் மாதிரி ஆயிடும்."

மிசாவோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கனமாகத்தான் இருந்தது.

வீடு ஏரியைப் பார்த்து இருந்தது. வாசலில் சிப்பி அரிக்கும் நீளக் கம்பு சாத்தியிருந்தது. நோட்சு தொகுசோ எழுபத்தைந்து வயது வரை படகில் போனவராம். கதவைத் திறந்தது மகள் மினெகோ. ஐம்பத்தாறு வயது, ஹிரோஷிமாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்குத் தொலைபேசி போடுகிறவள். மற்ற ஆறு நாளுக்கும் எட்டு மணி அழைப்பு இருக்கிறது என்று நம்பி இருந்தவள்.

பூஜை மாடத்தில் படம் இருந்தது. இருவரும் ஊதுபத்தி ஏற்றிக் கைகூப்பினார்கள். பிறகு பாயில் நெற்றி படக் குனிந்தார்கள். கட்சுபே அறிக்கையை விரித்து, அந்த வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் படித்தார். நன்றாகப் படித்தார். மினெகோ குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"விளக்கம் இல்லாம இருந்துச்சு," என்றாள் முடிந்ததும். "அப்ப ஆரம்பத்துல இருந்தே அந்த இடம் காலியாத்தான் வந்துச்சா?"

"அதாவது, தேவைப் பட்டியல்ல..."

"இருங்க." எழுந்து போய், குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தாள். "மார்ச்சுல அப்பாவைச் சேர்க்கறப்ப நகராட்சியில கொடுத்தாங்க. தினம் இப்படித்தான் ஆபீஸுக்குத் தாள் வரும்னு மாதிரிக்கு ஒண்ணு. இதுல மூணாவது பேருக்கு நேரா பாருங்க. 'பதில் இல்லை'ன்னு போட்டிருக்கு. நான் அதைப் பார்த்துதான் கையெழுத்தே போட்டேன். அப்பா ரெண்டை அழுத்துற ஆள் கிடையாது. முதுகெலும்பு முறிஞ்சாலும் நல்லா இருக்கேம்பார். ஒண்ணும் அழுத்தலன்னா யாராவது வருவாங்கன்னுதான்..." அவள் குரல் உயரவில்லை. "இந்த மூணாவது எங்க போச்சு?"

கட்சுபே அறிக்கையை மடித்தார், மறுபடி விரித்தார். முப்பது வருடத்தில் அவர் தூக்கிய பெட்டிகளில் எதிலும் இந்தக் கேள்விக்கு மருந்து இருக்கவில்லை போலும்.

மிசாவோ அந்த மாதிரித் தாளைப் பார்த்தாள். அவள் போட்ட கட்டங்கள், அவள் தேர்ந்தெடுத்த எழுத்து. மூன்றாவது பெயருக்கு நேரே, அவள் எழுதிய சொல். வாயை மூடிக்கொண்டிருந்தால் கட்சுபே எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். மாதிரி வேறு, நடைமுறை வேறு என்பார். அந்த அம்மாள் ஒப்புக்கொள்ளவும்கூடும். ஐந்து குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள்.

"இதொஹாரா," என்றார் கட்சுபே.

"ஏப்ரல்ல நான் எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லல. விளக்கம் இல்லாம இல்ல. அந்த வரி இருந்துச்சு, நான் வெட்டினேன்."

மினெகோ அவளையே பார்த்தாள். "ஏன்?"

"நாலு மாசமா ஒரு தடவைகூட அது பயன்படல. தேவையில்லன்னு நினைச்சேன்."

"இருந்தா என்ன கெட்டுது?"

மிசாவோ யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை, மனது அவ்வளவு மரத்துப் போயிருந்தது. "ஒண்ணும் கெடல. இல்லாம இருந்தா பார்க்க அழகா இருந்துச்சு."

கட்சுபே மறுபடி குனிந்தார், எழவேயில்லை. மிசாவோவும் குனிந்தாள். பாயின் கோரை வாசம் மூக்கில் ஏறியது. பாய் புதிது. உடலைக் கொண்டுவந்து கிடத்திய பழைய பாயை எதற்காக மாற்றியிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"டாக்டர் சொன்னார்," என்றாள் மினெகோ. அவர்களிடம் சொல்கிறாளா, படத்திடமா என்று தெரியவில்லை. "விழுந்தது செவ்வாய்க்கிழமை ஏழு மணி வாக்குல. இடுப்பெலும்பு முறிவு. உயிர் போனது புதன்கிழமை மத்தியானமா இருக்கும்னார். டெலிபோன் கூடத்துல இருக்கு. மணி அடிச்சது அவருக்குக் கேட்டிருக்கும். ரெண்டு நாளும் கேட்டிருக்கும். எடுக்கலன்னா ஆள் வரும்னு நான்தான் அவர்கிட்ட சொல்லி வெச்சேன். பொய்யாயிருச்சு. நான் சொன்னதுதான் பொய்யாயிருச்சு."

இனிப்புப் பெட்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அவர்கள் பக்கமே தள்ளிவைத்தாள். மரியாதையாகத்தான் தள்ளினாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது கட்சுபே வண்டியை ஏரிக்கரைச் சாலையில் விட்டார். பிறகு, "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்," என்றார்.

"இருந்திருக்கலாம்."

"வர்ற மார்ச்சோட ஒப்பந்தக் கெடு, அதோட இந்த வேலை முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாது." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "ஏப்ரல்ல நீ வெட்டினப்ப எங்கிட்ட கொண்டாந்து காட்டினே. ஞாபகம் இருக்கா? சுத்தமா இருக்கு, நல்லா இருக்குன்னேன். நானும்தான் படிச்சேன், இதொஹாரா. எனக்கும் உறைக்கல." அவர் குரல் உடைந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு மூக்கைச் சிந்தினார். மிசாவோ அவரைப் பொறாமையோடு பார்த்தாள்.

அறிக்கையை மாற்றி எழுதினார்கள். அதாச்சியும் தன் பங்குக்கு, காலிக் கட்டத்தைச் சுகம் என்று எடுத்துக்கொண்டது நாங்கள்தான் என்று சேர்த்தார். நகராட்சி மார்ச் இறுதியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகக் கடிதம் போட்டது. அதுவரை அழைப்பு போக வேண்டும். எட்டு ஐந்துக்கு வரும் தாளின் படி தனக்கும் வர வேண்டும் என்று மிசாவோ கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் ஆபீசுக்கு முதல் ஆளாக வந்து இருநூற்றுப் பதிமூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தாள். இப்போது வாரத்துக்கு மூன்று, நான்கு 'பதில் இல்லை' வந்தது. அதாச்சியின் ஆட்கள் ஓடினார்கள். எல்லாம் தோட்டம், கழிவறை, காது கேளாமை. அவர்கள் அலுத்துக்கொண்டாலும் ஓடினார்கள்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை தாளில் ஒரு வரி கூடியிருந்தது. நோட்சு மினெகோ, ஐம்பத்தாறு. அதே முகவரி. மிசாவோ அதாச்சிக்குத் தொலைபேசி போட்டாள்.

"நாற்பத்தொம்பதாம் நாள் காரியம் முடியற வரைக்கும் லீவு போட்டுட்டு இங்கயே தங்கறாங்களாம்," என்றார் அதாச்சி. "தனியா இருக்கேன், என்னையும் சேர்த்துக்குங்கன்னாங்க. அறுபத்தஞ்சு ஆகணும்னு சட்டம் பேச எனக்கு வாய் வரல. நீங்களா இருந்தா பேசியிருப்பீங்களா?"

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் 'நலம்' என்று வந்தது. அந்தச் சொல்லை மிசாவோ மற்றச் சொற்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

வியாழக்கிழமை எட்டு ஐந்துக்கு, அந்தப் பெயருக்கு நேரே, 'பதில் இல்லை. போய்ப் பார்க்கவும்' என்று இருந்தது.

அதாச்சி உடனே எடுத்தார். "பார்த்துட்டேன், பார்த்துட்டேன். ராத்திரி பனி. ஒரு வண்டி மலைப்பக்கம் மாட்டிக்கிச்சு, இன்னொண்ணு வேற வீட்டுக்குப் போயிருக்கு. ஒம்பதரைக்குள்ள ஆள் அனுப்பிடுவேன்."

"நான் போறேன்."

"நீங்க மத்சுவேல இருந்து..."

மிசாவோ ஏற்கெனவே மாடிப்படியில் இருந்தாள். கோட்டு எடுக்கவில்லை. கட்சுபேயின் கார்ச் சாவி மாட்டியிருந்தது, கேட்காமல் எடுத்தாள். ஏரிக்கரைச் சாலையில் பனி சேறாகிக் கிடந்தது. முன்னால் போன லாரியை அவள் வாழ்க்கையில் செய்யாத மாதிரி ஹாரன் அடித்து ஒதுக்கினாள். தோட்டமாக இருக்கும், என்று சொல்லிக்கொண்டாள். கழிவறையாக இருக்கும். இந்தப் பனியில் எவள் தோட்டத்துக்குப் போவாள்? அந்த நடை, அந்தத் தரை. வாய் தன்பாட்டுக்கு இரு, இரு, இரு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிய வெகு நேரம் ஆனது.

வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை. காலணியோடு உள்ளே ஓடினாள்.

மினெகோ நடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, போர்வையைப் போர்த்திக்கொண்டு. கண் திறந்திருந்தது. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துட்டீங்களா? எங்க அடி? ஆம்புலன்ஸ்..."

"விழல. நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் மினெகோ. "மணி அடிச்சுது. எடுக்கல. அவ்வளவுதான்."

மிசாவோவுக்கு மூச்சு வாங்கியது.

"தப்புதான். ஊர் வேலையைக் கெடுத்துட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். இதே இடத்துலதான் கிடந்தார். யாராவது வந்திருந்தா எவ்வளவு நேரத்துல வந்திருப்பாங்கன்னு தினம் படுத்துக்கிட்டுக் கணக்குப் போடுறேன். ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா, அரை நாளா. அரை நாள் ஆகும்னா, சரி, வந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காதுன்னு மனசைத் தேத்திக்கலாம்." கடிகாரத்தைக் காட்டினாள். "நாப்பத்தோரு நிமிஷம். இந்தப் பனியில. அவர் முப்பது மணி நேரம் உயிரோட கிடந்தார்."

மிசாவோ கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். சேறு படிந்த காலணியோடு அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவள் அழுதாள். இத்தனை நாள் வராதது, அழகில்லாமல், சத்தமாக, சளி ஒழுக வந்தது. மன்னிச்சிடுங்க என்று சொல்ல நினைத்தாள். அதுவும் வார்த்தையாக வரவில்லை. நாற்பத்தொரு நிமிடம். தான் வெட்டியது ஒரு வரி அல்ல, இந்த நாற்பத்தொரு நிமிடத்தை என்று முதல் தடவையாக அவளுக்கு வலித்தது.

மினெகோ அவளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு போர்வையின் ஒரு முனையை அவள் மடிப்பக்கம் தள்ளிவிட்டாள்.

"கோட்டு இல்லாம வந்திருக்கீங்க," என்றாள். "முதல்ல ஆபீஸுக்குச் சொல்லுங்க. பனியில இன்னொரு ஆளும் கிளம்பி வந்துடப் போறாங்க."

மிசாவோ மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். அதாச்சி ஒரே மணியில் எடுத்தார்.

"என்னாச்சு? போய்ட்டீங்களா?"

"போய்ப் பார்த்துட்டேன்," என்றாள். "ஆள் இருக்காங்க."

மறுமுனையில் அவர் மூச்சை விடுவது கேட்டது. பிறகு காகிதம் புரளும் சத்தம். "எத்தனை மணிக்குன்னு எழுதட்டும்?"

"எட்டு நாப்பத்தொண்ணு," என்றாள் மிசாவோ.